குடிக்காத தள்ளாட்டம்

எங்கள் பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுக்கும் வேலையில் இருந்தவரை எல்லோரும் கொசு அக்கா என்றுதான் கூப்பிடுவோம். பேர் வைத்தது ஏழு வயதுப் பெண் குழந்தை ஒன்று. ஊசி என்றாலே கூரை இடியக் கத்துகிற ரகம். அக்கா அந்தப் பிள்ளையிடம், "உங்க வீட்டு நாய்க்கு எத்தனை குட்டி?" என்று கேட்டார். "எங்க வீட்ல நாயே இல்லையே" என்று அது யோசித்துச் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு குழாய் நிரம்பிவிட்டது. பஞ்சை வைத்து அழுத்தியபோதுதான் பிள்ளை குனிந்து பார்த்து, "கொசுவா கடிச்சுது?" என்றது.

அக்காவுக்கு அந்தப் பேரில் வருத்தம் கிடையாது. "கொசு தனக்காகக் குடிக்குது. நான் உங்களுக்காகக் குடிக்கிறேன்" என்பார்.

கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் எனக்கு வேலை. அக்கா எடுத்துத் தரும் குழாய்களைச் சின்ன ஜன்னல் வழியாக வாங்கி, மூடியின் நிறம் பார்த்துப் பிரித்து, இயந்திரத்துக்கு அனுப்ப வேண்டும். பதினோரு வருஷம் பக்கத்துப் பக்கத்தில் வேலை பார்த்தும் அவர் முகத்தைவிட ஜன்னலில் நீளும் அந்த வலது கைதான் எனக்கு அதிகப் பழக்கம். புற்றுநோய் மருந்து ஏறி ஏறி நரம்பெல்லாம் கயிறாகிப்போனவர்கள், பிறந்து நாலு நாளான சிசுக்கள் என்று மற்றவர்கள் இரண்டு தடவை குத்திப் பார்த்துவிட்டுக் கையை விரிக்கும் கேஸ்கள் எல்லாம் கடைசியில் அவரிடம்தான் வரும். ஒரே குத்து. இரண்டாவது குத்து என்பது அவர் அகராதியில் இல்லை.

குழாயில் நோயாளியின் விவரம் அச்சடித்து ஒட்டியிருக்கும். ஆனால் ரத்தம் எடுத்த நேரத்தையும் எடுத்தவரின் கையெழுத்தையும் குழாயிலும் பதிவேட்டிலும் பேனாவால்தான் போட வேண்டும். அதில்தான் எங்களுக்குள் சண்டை வந்தது. ஒரு நாள் காலை நாற்பது குழாய் வந்திருந்தது. ஒன்றில்கூட நேரத்தை என்னால் படிக்க முடியவில்லை. ஜன்னலைத் தட்டினேன்.

"அக்கா, இது எட்டு இருபதா, எட்டு ஐம்பதா? எறும்பு ஊர்ந்துட்டுப் போன மாதிரி இருக்கு."

"உன் கண்ணைப் போய் டெஸ்ட் பண்ணு."

"என் கண்ணு நல்லாத்தான் இருக்கு. போன வருஷக் குழாய் பதிவேட்டைக் காட்டட்டுமா?"

விளையாட்டுக்குச் சொன்னேன். அவர் நிஜமாகவே உள்ளே வந்து பழைய பதிவேட்டை எடுத்துப் பார்த்தார். அதில் அவர் கையெழுத்து கட்டத்துக்கு வெளியே கால் நீட்டிப் படுத்திருந்தது. இந்த வருஷம் அதே எழுத்து கட்டத்தின் மூலையில் ஒடுங்கிக் கிடந்தது. பக்கங்களை முன்னும் பின்னும் புரட்டினார். பதிவேட்டை மூடிவிட்டுப் போனார்.

அப்புறம் நான் கவனிக்க ஆரம்பித்தேன். தேநீர் நேரத்தில் அவர் வலது கையை எப்போதும் இடது கையால் மூடி மடியில் வைத்திருப்பார். ஒரு தடவை கோப்பையை வாங்க இடது கையை நீட்டியபோது வலது கை தனியாகக் கிடந்து ஆடியது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எதையோ உருட்டிக்கொண்டே இருந்தன. நான் பார்த்ததை அவரும் பார்த்துவிட்டார்.

"எட்டு மாசமா இருக்கு. ஊசியை எடுத்தா நின்னுடுது. சும்மா வெச்சாத்தான் ஆடுது. சோம்பேறிக் கை" என்றார்.

"டாக்டரைப் பாருங்கக்கா."

"பார்க்கத்தான் போறேன். நீ ஊரைக் கூட்டாதே."

நரம்பு டாக்டர் எங்கள் மாடியிலேயே வாரம் இரண்டு நாள் உட்காரும் பெண்மணி. ஐம்பதைத் தாண்டியவர். மெதுவாகப் பேசுவார். நோயாளி சொல்வதை இடையில் வெட்டமாட்டார். அக்காவை விரல் தட்டச் சொன்னார், நடக்கச் சொன்னார், ஒரே வாக்கியத்தைப் பத்துத் தடவை எழுதச் சொன்னார். எழுத எழுத எழுத்து சிறுத்துக்கொண்டே போனது. நடக்கும்போது வலது கை மட்டும் வீசாமல் உடம்போடு ஒட்டிக்கொண்டு வந்தது. பார்க்கின்சன் நோய், அதாவது நடுக்குவாதம் என்றார். நாற்பத்தேழு வயதில் வருவது சற்று முன்கூட்டித்தான், ஆனால் வராத ஒன்றல்ல என்றார்.

அக்கா அழவில்லை. "நான் இனிமே ஊசி போடலாமா?" என்று மட்டும் கேட்டார்.

"மாத்திரை கேட்டுச்சுன்னா கொஞ்ச காலம் போடலாம். எப்ப நிறுத்தணும்னு என்னைவிட உங்களுக்குத்தான் முதல்ல தெரியும்" என்றார் டாக்டர். பிறகு வழக்கமான கேள்விக்கு வந்தார். "வீட்ல வேற யாருக்காவது நரம்புத் தொந்தரவு உண்டா? அப்பா அம்மா?"

"அம்மா நல்லா இருக்காங்க. அப்பா குடிச்சே போயிட்டார்."

"குடிச்சா கை நடுங்குமா?"

"கை நடுங்கல. தள்ளாடுவார். பேச்சு குழறும்."

"ஒரு நாளைக்கு எவ்வளவு குடிப்பார்?"

பிற்பாடு அக்கா என்னிடம் சொன்னது இது: "அந்தக் கேள்வியை இத்தனை வருஷத்துல யாருமே கேட்கல. நானும் என்னைக் கேட்டுக்கல."

"நான் பார்த்ததில்ல டாக்டர்" என்றார் அக்கா.

"ஒரு தடவைகூட?"

"ஒரு தடவைகூட."

அவருடைய அப்பா பெரிய சரக்குக் கிடங்கு ஒன்றில் பாரம் தூக்கும் வண்டி ஓட்டியவர். முன்பக்கம் இரண்டு இரும்பு நாக்கு நீட்டிக்கொண்டிருக்குமே, அந்த வண்டி. இருபது வருஷம் ஒரு பெட்டிகூடச் சரியாமல் அடுக்கியவர், நாற்பத்தொன்பதாவது வயதில் அடுக்கைத் தட்டிவிட்டார். ஒரு மாதத்துக்குள் இரண்டாவது தடவையும் தட்டினார். அப்புறம் நடையில் ஒரு சாய்வு வந்தது. காலை அகட்டி அகட்டி வைத்து, சுவரைத் தொட்டுக்கொண்டு நடந்தார். யாராவது கூப்பிட்டால் கண்ணை மட்டும் திருப்பாமல் தலையையே திருப்பிப் பார்த்தார். கிடங்கில் அவரைக் குடித்துவிட்டு வேலைக்கு வந்தார் என்று எழுதி வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள்.

"நான் குடிக்கல" என்று அவர் வீட்டில் சொன்னார். எந்தக் குடிகாரன்தான் குடித்தேன் என்று சொல்லியிருக்கிறான்? அம்மா தினமும் மாலையில் அவர் வாயருகே போய் முகர்ந்து பார்ப்பார். வாசனை இருக்காது. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், செருப்பு அலமாரிக்கு அடியில், பழைய துணி மூட்டைக்குள் என்று பாட்டில் தேடுவார். அகப்படாது. அகப்படாததே அவர் எவ்வளவு பெரிய கெட்டிக்காரர் என்பதற்குச் சாட்சி ஆயிற்று. தெருப் பிள்ளைகள் அவர் பின்னாலேயே அதே நடை நடந்து காட்டின. இரண்டு மூன்று வருஷத்தில் அவர் மறுப்பதை விட்டுவிட்டார். ஐம்பத்தெட்டில், சாப்பாடு புரையேறிப் புரையேறி நெஞ்சில் சளி கட்டி, போய்ச் சேர்ந்தார்.

அக்காவுக்குப் பத்தொன்பது வயதாக இருந்தபோது நடந்த ஒன்றையும் சொன்னார். தோழிகளோடு கடைத்தெருவில் வந்துகொண்டிருந்தாராம். எதிரே அப்பா விளக்குக் கம்பத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அக்காவைப் பார்த்துக் கையைத் தூக்கினாராம். "நான் ரோட்டைக் கடந்து அந்தப் பக்கம் போயிட்டேன்" என்றார்.

மாத்திரை கேட்டது. மூன்றாவது வாரம் என் ஜன்னலுக்கு வந்த குழாய்களில் எழுத்து மறுபடி கட்டத்தை விட்டு வெளியே வந்திருந்தது. நான் கண்ணாடியைத் தட்டிக் கட்டைவிரலைக் காட்டினேன். அவர் இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினார்.

டாக்டர் விடவில்லை. பார்க்கின்சன் சம்பந்தப்பட்ட மரபணுக்களை வரிசையாகப் பார்க்கும் பரிசோதனைக்கு ரத்தம் அனுப்பினார். இரண்டு மாதம் கழித்து வந்த அறிக்கையில் ஒன்றும் இல்லை. ஆனாலும் அவருக்குத் திருப்தி இல்லை. அக்காவின் கண் அசைவு சற்று மந்தம் என்று முதல் நாளே குறித்து வைத்திருந்தார். அதோடு அக்கா பேச்சுவாக்கில் தம்பியைப் பற்றிச் சொல்லியிருந்தார். தம்பிக்கு நாற்பத்திரண்டு வயது, தரைக்கு டைல்ஸ் பதிக்கும் வேலை. இரண்டு வருஷமாக வரிசை கோணுகிறது. அவனும் தள்ளாடுகிறான். ஆனால் அவன் நிஜமாகவே குடிக்கிறான் என்று அக்கா அழுத்திச் சொன்னார்.

"குடிக்கிறதுக்கு முன்னாடி தள்ளாட்டம் வந்துதா, அப்புறமா?" என்று டாக்டர் கேட்டார்.

அதையும் அதுவரை யாரும் கேட்டதில்லை.

டாக்டர் விளக்கியதை அக்கா எனக்கு அப்படியே திருப்பிச் சொன்னார். மரபணு என்பது நீளமான எழுத்து வரிசை. சில இடங்களில் மூன்றெழுத்துச் சொல் ஒன்று திரும்பத் திரும்ப வரும். அது எல்லோருக்கும் இருப்பதுதான். இருபத்திரண்டு தடவை வர வேண்டியது, அபூர்வமாகச் சில குடும்பங்களில் முப்பத்தைந்து, நாற்பது என்று நீண்டுவிடும். அப்படி நீண்டால் சிலருக்கு நடை தள்ளாடும். வேறு சிலருக்கு, அதே குடும்பத்திலேயே, பார்க்கின்சன் போலவே நடுக்கம் வரலாம். வழக்கமான பரிசோதனை எழுத்துப்பிழையைத்தான் தேடும். சொல் எத்தனை தடவை வந்திருக்கிறது என்று எண்ணாது. அதனால் அறிக்கையில் ஒன்றுமில்லை என்று வந்துவிடும். எண்ணுவதற்கு என்று தனிப் பரிசோதனை இருக்கிறது. அக்காவுக்கு மட்டும் எண்ணினால் போதாது, தம்பியின் ரத்தமும் அம்மாவின் ரத்தமும் வேண்டும் என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் அக்காவும் ரத்த மாதிரிப் பெட்டியோடு தம்பி வீட்டுக்குப் போனோம். பெட்டியைத் தூக்க நான். தம்பி கதவைத் திறந்துவிட்டு நிலையைப் பிடித்துக்கொண்டே நின்றார். அக்கா கூப்பிட்டபோது கழுத்தோடு திரும்பித்தான் பார்த்தார். அவர் வீட்டுக் கூடத்துத் தரை அவரே பதித்தது. நூல் பிடித்தது போல் ஒரு வரிசைகூட விலகாமல் இருந்தது. நல்ல காலத்து வேலை.

அக்கா விஷயத்தைச் சொன்னார். தம்பி கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"பனைமரத்துக்குக் கீழ நின்னு பால் குடிச்சாலும் கள்ளுன்னுதான் சொல்லுவாங்க. அப்பா பாவம், மரத்துப் பக்கமே போகல."

"நீ போனியே."

"போனேன். மேஸ்திரி சொன்னான், அப்பன் புத்தி அப்படியே வந்திருக்குன்னு. அன்னைக்கு நான் டீகூடக் குடிக்கல. ஒரு வருஷம் எல்லார்கிட்டயும் சத்தியம் பண்ணிப் பார்த்தேன். அப்புறம் தோணுச்சு, குடிக்காமலே இந்தப் பேர் வாங்குறதுக்குக் குடிச்சே வாங்கிட்டுப் போயிடலாமே."

அக்கா அவரை முறைத்தார். "இது எப்பேர்ப்பட்ட நியாயம்டா?"

"எனக்கும் தெரியும் நியாயம் இல்லன்னு. சரி, ரத்தத்தை யாரு எடுக்கப்போறா? இவரா?" என்று என்னைக் காட்டினார்.

"நான் பெட்டி தூக்க மட்டும்தான்" என்றேன்.

"அப்ப நீ எடுக்கா. வேற எவனாவது ஊசியோட வந்தா நான் கையைக் குடுக்க மாட்டேன்."

அக்கா கடிகாரத்தைப் பார்த்தார். மாத்திரை போட்டார். அது வேலை செய்யும்வரை முக்கால் மணி நேரம் மூவரும் உட்கார்ந்து அவர்களுடைய சின்ன வயதுக் கதையைப் பேசினோம். பிறகு அக்கா தம்பியின் முழங்கைக்கு மேல் ரப்பர் பட்டையைக் கட்டி, நரம்பைத் தடவிப் பார்த்து, "உன் வீட்டு நாய்க்கு எத்தனை குட்டி?" என்றார். "போக்கா" என்று தம்பி சொல்லும்போது குழாய் நிறைந்துகொண்டிருந்தது.

அம்மாதான் மசியவில்லை. எழுபத்துநாலு வயதிலும் தன் துணியைத் தானே துவைக்கும் மனுஷி. அக்கா வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி, ஓர் அறையும் சமையலறையுமாகத் தனியாக இருந்தார்.

"இந்த வயசுல எனக்கு எதுக்கு டெஸ்ட்டு? என்னை வெச்சு யாரைக் கண்டுபிடிக்கப் போறீங்க?"

"உங்களுக்கு இல்லம்மா. எங்களுக்கு எங்கேருந்து வந்துச்சுன்னு பார்க்க."

"என் பக்கத்துலேருந்துன்னு வந்துட்டா?"

"வந்தா வந்துட்டுப் போகுது. யாரும் உங்களைத் தூக்குல போடப் போறதில்ல."

அம்மா எழுந்து ஜன்னல் பக்கம் போனார். "என் பக்கம் இல்லன்னு வந்துட்டா?" என்றார். இந்தக் கேள்வி முன்னதைவிட மெல்லிய குரலில் வந்தது. அம்மா எதற்குப் பயப்படுகிறார் என்பது அக்காவுக்கு அப்போது புரியவில்லை. நாலு வாரம் கழித்து, யாரும் கேட்காதபோது, அம்மாவே எங்கள் கூடத்துக்கு வந்து வரிசையில் நின்று எண் வாங்கி, அக்காவின் நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டினார்.

முடிவு சொல்லும் நாளன்று டாக்டர் அறையில் நாற்காலி போதவில்லை. அக்கா, தம்பி, அம்மா, அக்காவின் மகள். அக்கா வீட்டுக்காரர் எலக்ட்ரீஷியன், வாய் பேசாத மனிதர், சுவரோரம் நின்றுகொண்டார். டாக்டருக்குப் பக்கத்தில் மரபணு ஆலோசகர் என்று ஓர் இளம்பெண்.

அக்காவுக்கு முப்பத்தாறு. தம்பிக்கு முப்பத்தொன்பது. அம்மாவுக்கு, தாய் வழி தகப்பன் வழி என்று வரும் இரண்டு பிரதியிலும் இருபத்திரண்டுதான்.

"அப்பாவோட ரத்தம் நம்மகிட்ட இல்ல. அதனால அவருக்கு எத்தனைன்னு என்னால சொல்ல முடியாது. ஆனா ரெண்டு பிள்ளைகளுக்கும் இருக்கு, அம்மாவுக்கு இல்ல. அப்பா வழியா வந்திருக்கத்தான் வாய்ப்பு. நீங்க சொன்ன நடை, பேச்சு, கண்ணு, புரையேறுறது எல்லாம் அதோட ஒத்துப்போகுது" என்றார் டாக்டர்.

"என் நடுக்கத்துக்கும் இதுதான் காரணமா? அடிச்சுச் சொல்லலாமா டாக்டர்?" என்று அக்கா கேட்டார்.

"அடிச்சுச் சொல்ல மாட்டேன். உங்களுக்கு இதோட பங்கு பெருசா இருக்கும்னு நினைக்கிறேன். பார்க்கின்சன் வந்தவங்கள்ல இந்த மாதிரி நீளம் இருக்கிறவங்க ரொம்ப ரொம்பக் கம்மி. ஏன் உங்களுக்கு நடுக்கமா வந்துச்சு, தம்பிக்குத் தள்ளாட்டமா வந்துச்சு? யாருக்கும் இன்னும் முழுசாத் தெரியல. எண்ணிக்கை மட்டும் காரணம் இல்ல. உங்க ரெண்டு பேரையும் மாதிரி இருக்கிறவங்களைத் தேடித்தான் பல இடங்கள்ல எண்ணிக்கிட்டிருக்காங்க."

"அப்ப நாங்க அபூர்வப் பிறவிங்க" என்றார் தம்பி. யாரும் சிரிக்காததால் அவரே சிரித்தார். பிறகு கேட்டார்: "எனக்கு மாத்திரை உண்டா?"

"அக்காவுக்குக் கேட்குற மாத்திரை உங்களுக்குப் பெருசா உதவாது. உடற்பயிற்சி உதவும். தினமும். குடியை நிறுத்துறது அதைவிட உதவும். தள்ளாடுற மூளைக்குச் சாராயம் எரியுற வீட்டுல எண்ணெய்."

ஆலோசகர் மகளிடம் பேசினார். மகளுக்கு இருபத்துமூன்று வயது. நீச்சல் குளத்தில் பயிற்சியாளர். அவளுக்கு வந்திருக்கவும் வராமலிருக்கவும் சம வாய்ப்பு. தலைமுறை இறங்கும்போது எண்ணிக்கை கூடுவதும் உண்டு. தெரிந்துகொள்ள அவளுக்கு உரிமை இருக்கிறது, தெரியாமல் இருக்கவும் அதே அளவு உரிமை இருக்கிறது என்றார் ஆலோசகர். யாரும் அவளுக்காக முடிவெடுக்கக் கூடாது என்று சொல்லும்போது அக்காவைத்தான் பார்த்தார்.

சரியான ஆளைத்தான் பார்த்தார். மறுநாளே மகளை டெஸ்ட் எடுக்கச் சொல்லி அக்கா ஆரம்பித்துவிட்டார். பத்து நாள் வீட்டில் இதே பேச்சு. கடைசியில் மகள் ஈரத்தலையோடு வந்து உட்கார்ந்து சொன்னாளாம்: "அம்மா, உனக்குத் தெரியணும். எனக்கு இப்ப தெரிய வேணாம். குழந்தை பெத்துக்கலாம்னு தோணுற அன்னைக்கு நானே போய் எடுத்துக்குவேன். அதுவரைக்கும் நீ என் நடையைப் பின்னாடியிலேருந்து பார்க்கிறதை நிறுத்து. முதுகு கூசுது."

அக்கா பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். அன்றோடு நிறுத்தியதாகச் சொன்னார். நான் நம்பவில்லை, ஆனால் நம்பியதாகச் சொன்னேன்.

முடிவு தெரிந்த நாலாம் நாள் அம்மா அக்காவிடம், "உங்கப்பாவை வேலையை விட்டு அனுப்பின அந்தக் கிடங்கு மேலாளர் உயிரோட இருக்காரா?" என்று கேட்டார்.

இருந்தார். ஊரின் மறுகோடியில் ஓர் அடுக்குமாடியின் மூன்றாவது மாடியில் மகன் வீட்டில் இருந்தார். விலாசத்தைத் தேடிப் பிடித்தவர் அக்காவின் வீட்டுக்காரர். கார் என்னிடம் இருந்ததால் நான் ஓட்டினேன். போகிற வழியில் அக்கா, "அம்மா, வயசானவர். அங்க போய்ச் சண்டை போட்டுடாதீங்க" என்றார். அம்மா, "நான் என்ன சின்னப் பிள்ளையா?" என்றார்.

மேலாளருக்கு எண்பது நெருங்கியிருந்தது. காதில் கருவி. கதவைத் திறந்த மருமகள் எங்களை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள். அம்மா தன் கணவர் பேரைச் சொன்னார். அவருக்கு நினைவில்லை. பாரவண்டி ஓட்டியவர், தள்ளாடியவர் என்றதும் முகத்தில் ஏதோ வந்தது.

"ஆமா, குடிச்சிட்டு வந்தவர். நல்ல வேலைக்காரர். என்ன பண்றது."

"அவர் குடிக்கல" என்றார் அம்மா.

மேலாளர் கருவியைக் காதில் அழுத்திக்கொண்டார். அம்மா சத்தமாகத் திருப்பிச் சொன்னார். பிறகு பைக்குள்ளிருந்து அறிக்கையை எடுத்து அவர் மடியில் வைத்தார். அவர் கண்ணாடி தேடினார். அகப்படவில்லை. அக்காவே அதில் இருந்ததைச் சுருக்கமாகச் சொன்னார்.

கேட்டு முடித்துவிட்டு அவர் அந்தத் தாளைத் தடவினார். "ஊதச் சொன்னோம்" என்றார். "வாசனை வரல. அதான் எனக்கு ஞாபகம் இருக்கு. புதினா மிட்டாய் போட்டு மறைச்சிருக்கார்னு எழுதினோம். நான்தான் எழுதினேன்."

எனக்கு அந்த இடத்தில் கோபம் வந்தது. அக்காவின் முகமும் சிவந்தது. அம்மா மட்டும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நானும் அப்படித்தான் நினைச்சேன். நீங்க ஒரு நாள் மோந்து பார்த்தீங்க. நான் ஒன்பது வருஷம் மோந்து பார்த்தேன். ஒரு நாளாவது வாசனை வந்துச்சான்னு நானே யோசிக்கல" என்றார் அம்மா.

மேலாளர் தாளை மடித்து அம்மாவிடம் நீட்டினார். மன்னிப்பு என்ற சொல்லை அவர் சொல்லவில்லை. அம்மா அதை எதிர்பார்த்தும் போகவில்லை. "உங்ககிட்ட சொல்லணும்னு தோணுச்சு. வேற யார்கிட்ட போய்ச் சொல்றது? அவரைத் தெரிஞ்சவங்க எல்லாரும் போயிட்டாங்க" என்று எழுந்துகொண்டார். மின்தூக்கியில் இறங்கும்போது, "பழி ஓரிடம், பாவம் ஓரிடம்னு சொல்லுவாங்க. நம்ம வீட்ல பழி சுமந்தவரும் பாவம் பண்ணின நானும் ஒரே கூரைக்குக் கீழ இருந்திருக்கோம்" என்றார். காரில் ஏறியதும் அழுதார். வீடு வரும்வரை அழுதார். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்திருந்தார். மாத்திரையின் வேகம் இறங்கும் நேரம், அக்காவின் கை ஆடிக்கொண்டிருந்தது.

இதெல்லாம் நடந்து மூன்று வருஷம் ஆகிறது. போன வருஷம் ஒரு நாள் கொசு அக்காவுக்கு ஒரு நரம்பு தப்பியது. சாதாரண நரம்பு, கஷ்டமானதுகூட இல்லை. கை நீட்டியிருந்த மனிதர், "பரவாயில்லம்மா, இன்னொரு தடவை குத்துங்க" என்றார். அக்கா பஞ்சை வைத்து அழுத்திவிட்டு இன்னொருவரைக் கூப்பிட்டார். அன்று மாலையே ஊசி வேலையை விடுவதாகப் பொறுப்பாளரிடம் எழுதிக் கொடுத்துவிட்டார். இப்போது மாடியில், நரம்பு டாக்டர் அறைக்கு வெளியே, குடும்பமாக வருகிறவர்களைப் பதிவு செய்யும் மேசையில் இருக்கிறார். படிவத்தில் "குடும்பத்தில் யாருக்காவது" என்று ஒரு கேள்வி உண்டு. யாராவது "எங்க மாமா குடிகாரர்" என்று சொன்னால் அக்கா பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "எவ்வளவு குடிப்பார்? நீங்க பார்த்திருக்கீங்களா?" என்று கேட்பார். பெரும்பாலும் அந்த மாமா குடித்துத்தான் இருப்பார். அக்கா அதையும் எழுதிக்கொள்வார்.

தம்பி டைல்ஸ் பதிப்பதை விட்டுவிட்டு ஒரு டைல்ஸ் கடையில் உட்கார்ந்து கணக்குப் போட்டுத் தரும் வேலையில் இருக்கிறார். எந்த அறைக்கு எத்தனை, எந்த மூலையில் வெட்டு விழும் என்று படம் வரைந்து காட்டுவார். தினமும் காலையில் தன் வீட்டுக் கூடத்தில் சுவரைத் தொடாமல் நடந்து பழகுகிறார். நடை மோசமாகத்தான் ஆகிறது, ஆனால் மெதுவாக. ஒரு கைத்தடி வைத்திருக்கிறார். குடியை விட்டு, நடுவில் ஒரு தடவை தொட்டு, மறுபடி விட்டிருக்கிறார்.

டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்கி, அட்டையில் ஒட்டிப் பிளாஸ்டிக் உறை போட்டுச் சட்டைப் பையில் வைத்திருக்கிறார். இவருக்கு நரம்பு நோய், நடையும் பேச்சும் தடுமாறும், போதையில் இல்லை என்று அதில் எழுதியிருக்கும். பேருந்தில் முறைப்பவர்களிடம், வாசலில் தடுக்கும் காவலாளிகளிடம் சட்டென்று எடுத்து நீட்டுவார். போன வாரம் அக்காவின் மேசைக்கு வந்திருந்தபோது எனக்கும் காட்டினார்.

அக்கா கேட்டார்: "ஏன்டா, நடுவுல ஒரு தடவை குடிச்சியே, அன்னைக்கும் இதைத்தான் காட்டினியா?"

தம்பி அட்டையைப் பையில் போட்டுக்கொண்டார். "அன்னைக்கு வெளியவே போகலக்கா" என்றார். "அப்பா பேரு கெட்டுடும்ல."